ஜாதிக்காயின் தட்டைப் பக்கம்

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் மேடம், இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ராத்திரி மணி ஒன்று நாற்பது. காலையில் எழுந்ததும் எழுதச் சொன்னீர்கள். எழுந்திருக்க வேண்டுமென்றால் தூங்கியிருக்க வேண்டுமே.

நீங்கள் கேட்டது: படுத்தது பத்தரை. தூக்கம் இல்லை. நீங்கள் கொடுத்த தூக்க மாத்திரை எடுத்தேன்.

அன்றைக்குக் கிளினிக் வாசலில் இன்னும் பதினெட்டு டோக்கன் பாக்கி இருந்தது. அதனால் பாதிதான் சொன்னேன். மீதியை இதில் எழுதுகிறேன். இரண்டு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவரும்போது படித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நான்கு பேர். நான், நாலு மாதப் பாப்பா தாரிகா, என் வீட்டுக்காரர் லோகநாதன், அவருடைய அக்கா வசந்தாமணி. எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவோம். நங்கையாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஆறு மணிக்கு வந்துவிடுவார். தாரிகா அப்பா சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட். நங்கையா முன்ஹாலில் படுப்பார், நானும் பாப்பாவும் உள் ரூமில்.

ஜூலை 13 ராத்திரி பால் கொடுத்துவிட்டு, ஏப்பம் எடுக்காமல் பாப்பாவைக் கிடத்திவிட்டேன். நானும் அப்படியே தூங்கிப்போனேன். தண்ணீர் குடிக்க எழுந்த நங்கையாதான் பார்த்திருக்கிறார். மூக்கிலும் வாயிலும் பால். உதடு நாவற்பழ நிறம். குப்புறப் போட்டு முதுகில் தட்டி, மூக்கை வாயால் உறிஞ்சித் துப்பி, பாப்பா வீறிட்ட பிறகுதான் நான் கண் விழித்தேன். எல்லாம் முடிந்த பிறகு. அதுதான் மேடம் விஷயம். என் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் நடந்திருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

படுத்தது பதினொன்று. தூங்கியது நாலு மணிக்கு, அரை மணி நேரம். மாத்திரை எடுத்தேன்.

நான் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. உங்களிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் படிப்பைச் சொன்னால், வைத்தியத்தைக் கேள்வி கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

மூன்றாம் வருடப் பரீட்சையில் இது பத்து மார்க் கேள்வி. பயந்தால் உடம்பில் என்ன நடக்கிறது, படம் வரைக. மூளையின் அடிப்பாகத்திலிருந்து ஒரு அம்பு, பட்டாணி அளவு பிட்யூட்டரிக்கு. அங்கிருந்து ஒரு அம்பு, சிறுநீரகத்தின் தலையில் குல்லா போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினலுக்கு. அங்கிருந்து கார்டிசால். அது ஊறினால் சர்க்கரை ரத்தத்தில் ஏறும், உடம்பு முழித்துக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் அது வடிந்துவிட வேண்டும். இருட்டானதும் மெலடோனின் ஏறித் தூக்கத்தைக் கூட்டிவர வேண்டும். கடைசியில் இன்னொரு அம்பு உண்டு. கார்டிசாலே திரும்ப மூளைக்குப் போய், போதும், நிறுத்து என்று சொல்லும் அம்பு. அதைப் போட மறந்துவிட்டேன். இரண்டு மார்க் போயிற்று.

ராத்திரி பதினொன்றானால் அந்தப் படம் ஞாபகம் வருகிறது. ஃப்ரிட்ஜ் மோட்டார் நிற்பது கேட்கும். எதிர் வீட்டு மாடியில் யாரோ இருமுவது கேட்கும். பாப்பாவின் மூச்சு மட்டும் கேட்காது. குனிந்து மூக்கடியில் விரலை வைத்து எண்ணுவேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு, முப்பத்தெட்டு. எண்ணி முடித்து நிமிர்ந்ததும், இப்போது எப்படியோ என்று தோன்றும். மறுபடி குனிவேன்.

இன்று சாயங்காலம் நான் பால் கொடுக்கும்போது கை நடுங்குவதை நங்கையா பார்த்துவிட்டார்.

"பயந்த பால் குடுக்காத கண்ணு. மொதல்ல கொஞ்சம் பீச்சி உட்டுட்டு அப்பறம் குடு. புள்ளைக்கும் அந்தப் பயம் எறங்கும்."

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். படித்த திமிர்.

ஆகஸ்ட் 6, புதன்

படுத்தது பதினொன்று. தூங்கியது 3.50 முதல் 4.30. மாத்திரை எடுத்தேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேடம், நங்கையா சொன்னது சரி.

ராத்திரி போனில் தேடிப் படித்தேன். தாயின் ரத்தத்தில் இருக்கும் கார்டிசால் பாலிலும் இறங்குகிறதாம். எத்தனை மணிக்குச் சுரந்த பால் என்பதைப் பொறுத்து அளவு மாறுமாம். அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. நான் அதோடு நிறுத்திவிட்டேன். பாப்பா ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் விழித்துக் கத்துவது எதனால் என்று தெரிந்துவிட்டது. நான் என் பயத்தை ஊட்டியிருக்கிறேன்.

இரண்டு மணிக்குப் பாப்பா விழித்தபோது, சமையலறை சிங்க்கில் பீய்ச்சிவிட்டேன். எவ்வளவு பீய்ச்சினால் பயம் தீரும் என்று எந்த இடத்திலும் போடவில்லை. அதனால் தீரும் மட்டும் பீய்ச்சினேன். பிறகு பாப்பாவுக்குக் கொஞ்சம்தான் இருந்தது. அழுதாள்.

இன்னொன்று. நங்கையா தினமும் சாயங்காலம் பாப்பாவை வெந்நீரில் துடைத்து, உரமருந்து கொடுப்பார். உரசுகல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு மாசிக்காய், கடுக்காய், வசம்பு, ஜாதிக்காய் ஒவ்வொன்றையும் ஓரிரு உரசு உரசி நாக்கில் தடவுவது. எல்லா வீட்டிலும் கொடுப்பதுதான். தடுப்பூசி போட்ட நர்ஸ், ஜாதிக்காய் மயக்கம் கொடுக்கும், குழந்தைக்கு வேண்டாம் என்றார். இன்று நங்கையாவிடம் சொன்னேன். சரி கண்ணு, உட்டுடறேன் என்று உடனே ஒப்புக்கொண்டார். நான் ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராகப் போயிருந்தேன்.

மாத்திரை எடுத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று எழுதவில்லை. நேற்று ராத்திரி பாப்பா நான்கு தடவை எழுந்தாள். நான்கு தடவையும் சிங்க். மூன்றாவது தடவை நங்கையா எழுந்து வந்து, என்ன சத்தம் என்றார். பாட்டில் கழுவுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் பாட்டிலே கிடையாது. அவர் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பாப்பா விடியும் வரை தூங்கிவிட்டால் இந்தப் பால் விவகாரமே வராது. பகலில் என் கை நடுங்குவதில்லை. பகல் பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்று ராத்திரி பதினொரு மணிக்கு உரசுகல்லை எடுத்தேன். ஜாதிக்காய் மட்டும். இரண்டு உரசு. இரண்டே இரண்டு. காலங்காலமாகக் கொடுப்பதுதானே.

பாப்பா நாலரை வரை தூங்கினாள்.

நான் தூங்கவில்லை. மாத்திரை எடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தாரிகா அப்பாவுக்கு இன்று லீவு. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "உன்ற கண்ணு எங்க சாயத் தொட்டி மாதர கறுத்துக் கெடக்குது வினோ. எந்த ஷேடுன்னு பாத்துச் சொல்லட்டுமா?" என்றார். நங்கையா அவர் தலையில் ஒரு தட்டு தட்டினார். நானும் சிரித்தேன். அவரிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் அவர் கொட்டாவி விட்டார். வாரத்தில் ஒரு நாள்தான் மனிதர் ராத்திரி படுக்கிறார். ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டார். எவ்வளவு சுலபமாகத் தூங்குகிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபமும் பாலில் இறங்குமே என்று பிறகு பயம் வந்தது.

நாலு உரசு. நேற்று இரண்டுக்கு நாலரை வரைதான் தூங்கினாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜாதிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உரசிய பக்கம் தட்டையாக, உள்ளிருக்கும் வரி வரியெல்லாம் தெரிய, வழவழவென்று இருக்கிறது. என் ஆறு உரசலுக்கு இவ்வளவு தேயுமா? ஆடிக் காற்றில் ஈரம் ஏறி இளகியிருக்கும். அல்லது நான் எண்ணியது தப்பாக இருக்கும். தூக்கமில்லாவிட்டால் எண்ணிக்கை பிசகும், அதையும் படித்திருக்கிறேன்.

உரசுகல் கழுவின ஈரத்தோடு இருந்தது. நான் கழுவவில்லை. நங்கையா மற்ற மருந்தை உரசியிருப்பார்.

இன்று ஆறு. மாத்திரை எடுத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

படுத்தது பதினொன்று. பாப்பா ஐந்தரை வரை எழவில்லை. பாலைச் சிங்க்கில் விட்டேன்.

நினைத்த மாதிரி நடந்துவிட்டது. ஆனால் பயம் இடம் மாறிவிட்டது மேடம். இத்தனை நாள் ஏன் எழுகிறாள் என்று பயம். இப்போது ஏன் எழவில்லை என்று பயம். மூச்சு நிமிடத்துக்கு முப்பது. நேற்று எண்ணியபோது முப்பத்திரண்டு.

பகலிலும் பாப்பா சோம்பலாக இருக்கிறாள். மார்பில் வாய் வைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு அப்படியே கண் செருகுகிறாள். காலையிலிருந்து மூன்று துணிதான் நனைந்தது. வழக்கமாக ஏழெட்டு. துவைக்க வேலை குறைவு.

நங்கையா கம்பெனியிலிருந்து வந்து பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினார். "பாரு, எத்தன சமத்தாயிட்டா. அம்மாளத் தூங்க உடோணும்னு புள்ளைக்கே தெரிஞ்சு போச்சு."

எட்டு.

ஆகஸ்ட் 13, புதன்

இன்றைக்கு மட்டும் பன்னிரண்டு. நாளையிலிருந்து குறைத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

குறைக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆஸ்பத்திரி. ராத்திரி எட்டு மணி. பாப்பா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்கு எழுப்பினேன். எழவில்லை. கன்னத்தைத் தட்டினேன். கையைத் தூக்கி விட்டேன். ஈரத்துணி மாதிரி விழுந்தது. நான் கத்தினேனா என்று ஞாபகமில்லை. நங்கையா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். ஆட்டோவில் போகும்போது உங்கள் கிளினிக்குக்குப் போன் செய்தேன். சுதந்திர தினம், யாரும் எடுக்கவில்லை. வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டிரிப் போட்டார்கள். காலில் ஒரு ஒயரை மாட்டினார்கள், பக்கத்துத் திரையில் இதயத் துடிப்பும் ஆக்சிஜனும் ஓட ஆரம்பித்தன. சர்க்கரை ஏறிய பிறகும் பாப்பா கண் திறக்கவில்லை. தாரிகா அப்பா பட்டறையிலிருந்து அப்படியே வந்தார். கை முழங்கை வரை நீலம். அந்தக் கையோடு பாப்பாவைத் தொடலாமா என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நங்கையா சொல்லிவிட்டார்.

"உரமருந்துங்க. ஜாதிக்கா. தெனமும் சாயங்காலம் ரெண்டு உரசு. நாந்தானுங்க குடுத்தேன். இவ வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் கேக்குல."

தாரிகா அப்பா அக்காவைப் பார்த்த பார்வையை நான் அதுவரை பார்த்ததில்லை. இனிமேல் பாப்பாவைத் தொடாதே என்று மட்டும் சொன்னார், மெதுவாக. நங்கையா தலை குனிந்துகொண்டார். ஜூலை 13 அன்று என் பிள்ளையின் மூக்கை வாயால் உறிஞ்சியவர். நான் சும்மா நின்றேன்.

டாக்டர் யோசித்தார். இரண்டு உரசலுக்கு இப்படி ஆகாது, வேறு ஏதோ இருக்கிறது என்றார். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், அப்பா கையெழுத்துப் போடுங்கள் என்றார். நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்தார். தாரிகா அப்பாவின் விரலில் இருந்த சாயம் தாளின் ஓரத்தில் ஒட்டியது. அவர் பேனா மூடியைத் திறக்கும் வரை நான் பேசவில்லை. அதை எழுதித்தான் ஆக வேண்டும். திறக்கும் வரை பேசவில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க மாமா. நானும் குடுத்தேன். ராத்திரில. பன்னெண்டு உரசு."

எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். இரண்டில் ஆரம்பித்து ஏறியதைச் சொன்னேன். ராத்திரிப் பால் கொடுத்தீர்களா என்றார். கொட்டிவிட்டேன் என்றேன். ஏன் என்றார். நான் கார்டிசால் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

தாளை எடுத்து ஃபைலுக்கு அடியில் செருகினார். ஊசி இப்போது வேண்டாம், காய்ச்சலும் இல்லை, மதியம் வரை ஒயரில் வைத்துப் பார்ப்போம், மாறாவிட்டால் செய்துதான் ஆக வேண்டும் என்றார்.

ஏழு மணியிலிருந்து ஒன்றே கால் வரை. நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில். தாரிகா அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே என்றுதான் சொன்னார். நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை இருந்தேனே என்றார்.

அதற்கு நங்கையாதான் பதில் சொன்னார். "அவள ஒண்ணும் கேக்காத லோகு. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கறாளே, புள்ளையாச்சும் தூங்குனா இவளும் தூங்குவாளேன்னு நான் நிறுத்தாம உட்டுட்டேன். ஒரே காய ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு தேச்சிருக்கறோம். காய் என்னாகும்?"

ஒன்றே காலுக்குப் பாப்பா முகத்தைச் சுளித்தாள். ஒயர் மாட்டிய காலை உதறினாள். பிறகு அழுதாள். நல்ல அழுகை, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. தாரிகா அப்பா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பால் கொடுங்கள் என்றார் டாக்டர். நான் தயங்கினேன். அவர் நின்றுகொண்டே சொன்னார்: கார்டிசால் எல்லாத் தாயின் பாலிலும் இருக்கிறது, பயப்படாதவள் பாலிலும். விடிகாலையில்தான் அதிகம். ராத்திரிப் பாலில் மெலடோனின் இருக்கும், இந்த வயதுக் குழந்தைக்குச் சொந்தமாகச் சுரப்பது கம்மி என்பதால் அம்மாவிடமிருந்துதான் போகும். நீங்கள் படித்த பக்கத்திலேயே கீழே இருந்திருக்குமே என்றார்.

இருந்தது மேடம். போனில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பாப்பாவைத் தூங்கவைக்கிற சாமான் அந்தப் பாலிலேயே இருந்தது. அதைச் சிங்க்கில் ஊற்றிவிட்டு, ஜாதிக்காயை உரசியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

இரவு மணி இரண்டு பத்து, விடிந்தால் ஞாயிறு. ஆஸ்பத்திரி வராந்தா விளக்கில் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி நான் தூங்கினேன். ஒன்பதரையிலிருந்து மூன்றே முக்கால் வரை, பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்து ஒடிந்த மாதிரி. ஜூலை 13க்குப் பிறகு இவ்வளவு நேரம் தூங்கியது இதுதான் முதல் தடவை. ஏன் என்று எனக்குத் தெரியும். திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்தால் கூவும் என்று நர்ஸ் சொன்னார். எனக்குப் பதிலாக ஒன்று முழித்துக்கொண்டிருந்தது.

இன்று பகலில் ஆறு துணி நனைந்தது. நங்கையா ஆறையும் ஆஸ்பத்திரிக் குழாயில் அலசி ஜன்னல் கம்பியில் போட்டார். தாரிகா அப்பா, அக்கா கையில் பாப்பாவைத் தானே எடுத்துக் கொடுத்தார். உரசுகல் எங்கே என்று நான் கேட்டதற்கு, அதில் இனிமேல் சந்தனம்தான் என்றார் நங்கையா.

காலை பத்து மணிக்கு டிஸ்சார்ஜ். ஒயரைக் கழற்றிவிடுவார்கள். நாளை ராத்திரி அதே ரூம், அதே கட்டில், திரை கிடையாது. இதை நினைத்ததும் இப்போதே காது திறந்துகொண்டது. வார்டில் யாருடைய டிரிப்போ சொட்டுவது கேட்கிறது. தாரிகா அப்பா ஒரு வாரம் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறார். ராத்திரி இரண்டு வரை நங்கையா பாப்பா பக்கத்தில் உட்காருகிறாராம், இரண்டுக்கு மேல் அவராம். நீ தூங்கு என்கிறார்கள். தூங்கு என்று சொன்னால் வந்துவிடுமா?

உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். மாத்திரை எடுத்தேன், மாத்திரை எடுத்தேன் என்று எழுதினேன். ஒன்றுகூட எடுக்கவில்லை. எல்லாம் பாப்பாவின் பவுடர் டப்பாவுக்குள் இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நான் ஆழ்ந்து தூங்கி, பாப்பாவுக்கு மறுபடி அப்படி ஆனால்? எனக்குத் தூக்கம் வரவில்லை என்று உங்களிடம் வந்தேன். நிஜத்தில் தூக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இதை எழுதிய பிறகுதான் எனக்கே தெரிகிறது.

அடுத்த தடவை கிளினிக்குக்கு வரும் வரை பொறுக்க முடியாது. இந்த நோட்டின் எல்லாப் பக்கத்தையும், பொய் எழுதிய வரிகளோடு சேர்த்து, போட்டோ எடுத்து உங்கள் கிளினிக் நம்பருக்கு அனுப்புகிறேன். பாப்பா சற்று முன் விழித்தாள். பீய்ச்சிக் கொட்டாமல் கொடுத்தேன். கை நடுங்கியது, இருந்தாலும் கொடுத்தேன். குடித்துவிட்டு, தோளில் ஏப்பம் விட்டு, தூங்குகிறாள். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு.

நாளை ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டுமா? போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா? பக்கத்தில் ஒருவர் முழித்திருந்தால் நான் தூங்கலாமா? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். பத்து மணிக்கு ஒயரைக் கழற்றிவிடுவார்கள் மேடம். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.